போனாலா, வெயில் போனதாலா?

குழந்தைக்குக் கண்ணாடி என்று சீட்டு எழுதிக்கொடுத்த அன்றைக்கு வீட்டில் முதலில் நடப்பது விசாரணை. குற்றவாளியைத் தேட வேண்டியதே இல்லை. சாப்பாட்டு மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் செல்போன்தான். “அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், யாரு கேட்டீங்க” என்று பாட்டி ஆரம்பிப்பார். அம்மா அப்பாவைப் பார்ப்பார், அப்பா அம்மாவைப் பார்ப்பார். கண்ணாடி போட வேண்டிய பிள்ளை மூலையில் உட்கார்ந்து, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் மாடி வீட்டில் இப்போது இதுதான் நடக்கிறது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண். கண் சமாச்சாரம் என்றால் படித்துச் சொல்வேன் என்று இந்தத் தெருவில் எனக்கு எப்படியோ ஒரு பேர் வந்துவிட்டது. அதனால் சீட்டை எடுத்துக்கொண்டு அவளுடைய அப்பா வந்தார். டீ போட்டு உட்கார வைத்தேன். பேச்சு இரண்டாவது டீ வரைக்கும் போயிற்று.

“மைனஸ் ஒன்னே கால்னு போட்டிருக்காங்கக்கா. ரொம்ப அதிகமா?”

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நூறை அந்தப் பவரால் வகுத்தால் எத்தனை சென்டிமீட்டர் வரைக்கும் அந்தக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் என்று வந்துவிடும். 1.25-ஆல் வகுத்தால் 80. அதாவது கண்ணாடி இல்லாமல் இந்தப் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரியும், அதைத் தாண்டினால் மங்கல். மைனஸ் இரண்டு என்றால் 50, மைனஸ் நான்கு என்றால் 25. கரும்பலகையோ நாலு மீட்டர் தள்ளி இருக்கிறது. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதியே ஒரு வருஷத்தை ஓட்டியிருப்பாள். டீச்சர் கவனக்குறைவு என்று எழுதி அனுப்பியிருப்பார். பிள்ளைகள் இதை வந்து சொல்வதில்லை. உலகமே இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

“டி.வி.கிட்ட போய் உட்காருவாக்கா. திட்டித் திட்டிப் பின்னாடி இழுப்போம்.”

கிட்டப் போய் உட்கார்ந்ததால் கண் கெடவில்லை தம்பி, கண் மங்கியதால்தான் கிட்டப் போய் உட்கார்ந்தாள். நம் வீடுகளில் இதைத் தலைகீழாகவே புரிந்துகொண்டு இரண்டு தலைமுறை அடி வாங்கியிருக்கிறது.

கிட்டப்பார்வையில் கண்ணுக்கு ‘பலவீனம்’ ஒன்றும் வந்துவிடுவதில்லை. விழி கொஞ்சம் கூடுதலாக நீண்டுவிடுகிறது, அவ்வளவுதான். திருவிழாவில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடும்போது, மெஷினை அப்படியே வைத்துவிட்டுத் திரையை மட்டும் ஓரடி பின்னால் நகர்த்தினால் படம் கலங்கும் இல்லையா, அதுபோல. முன்பக்கத்து லென்ஸ் சரியாகத்தான் இருக்கிறது, பின்னால் இருக்கிற விழித்திரை தள்ளிப் போய்விட்டது. பிறக்கும்போது விழியின் நீளம் சுமார் 17 மில்லிமீட்டர். பெரியவர்களுக்குச் சுமார் 24. வளர்ச்சி முடிய வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டாலே இரண்டரையிலிருந்து மூன்று வரை பவர் ஏறிவிடும். ஒன்றேகால் பவர் என்றால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். இந்த அரை மில்லிமீட்டருக்குத்தான் மாடியில் இத்தனை சண்டை.

அப்படியானால் எங்கே வளர்ச்சியை நிறுத்துவது என்று விழிக்கு யார் சொல்கிறார்கள்? இது வெகுகாலம் யாருக்கும் பிடிபடவில்லை. பரம்பரை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். 1977-இல் டோர்ஸ்டன் வீசலும் எலியோ ரவியோலாவும், குட்டிக் குரங்குகளின் இமையைத் தைத்து மூடிவைத்தால் அந்தக் கண் அளவுக்கு மீறி நீளுகிறது என்று கண்டார்கள். கேட்கவே சங்கடமான பரிசோதனைதான். ஆனால் அதிலிருந்து ஒன்று உறுதியாயிற்று: என்ன பார்க்கிறதோ அதற்கேற்பத்தான் கண் வளர்கிறது. பிறகு கோழிக்குஞ்சுகளுக்கு லென்ஸ் மாட்டிப் பார்த்தார்கள். லென்ஸுக்குத் தோதாகக் கண்ணே தன் நீளத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டது. விழித்திரைக்குள்ளேயே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் டோபமைன் என்கிற வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல வெளிச்சம் பட்டால் அது நிறையச் சுரக்கும், விழியின் நீளம் மட்டுப்படும். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இன்று சாய்வது இந்த விளக்கத்தின் பக்கம்.

“அப்ப போன் காரணமில்லையா?” என்று கேட்டபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அவசரப்படாதீர்கள் என்றேன்.

போனுக்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்க்கலாம். அலாஸ்காவின் வடகோடியில், அப்போது பாரோ என்று அழைக்கப்பட்ட ஓர் ஊர். அங்கே நடந்து 1969-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பழைய தனித்த வாழ்க்கையில் வளர்ந்த பெரியவர்கள் 131 பேரைச் சோதித்ததில் இரண்டே பேருக்குத்தான் கிட்டப்பார்வை. பள்ளிக்கூடம் போன அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளில் பாதிக்கு மேல் கிட்டப்பார்வைக்காரர்கள். ஒன்றிரண்டு தலைமுறையில் மரபணு மாறாது. 1993-இல் இஸ்ரேலிலிருந்து இன்னொரு கணக்கு வந்தது. தீவிர மரபுவழி யூதர்களின் பையன்கள் மதப்பள்ளியில் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை பொடி எழுத்து நூல்களை ஆடி ஆடிப் படிப்பவர்கள். அந்தப் பையன்களில் 81 சதவீதத்துக்குக் கிட்டப்பார்வை. அதே சமூகத்துப் பெண்பிள்ளைகளில் 36 சதவீதம்தான். பாட்டன் பூட்டன் ஒன்று, சமையலறை ஒன்று, மாறியது நாள் கழியும் விதம் மட்டும். செல்போன் அன்று எந்தக் குழந்தையின் கையிலும் கிடையாது.

எனவே புத்தகம்தான் குற்றவாளி என்று நினைக்கத் தோன்றும். ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள். அதைக் கொஞ்சம் குலைத்தது 2008-இல் வந்த ஓர் ஒப்பீடு. சீன வம்சாவளிக் குழந்தைகள், ஆறு ஏழு வயது, ஒரு கூட்டம் சிங்கப்பூரில், ஒரு கூட்டம் சிட்னியில். பெற்றோர் கண்ணாடி போட்டிருப்பதும் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவு. சிங்கப்பூரில் 29 சதவீதக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். இத்தனைக்கும் சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு அதிகப் புத்தகம் படித்தவர்கள். பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான்: சிட்னியில் வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம் போல வீட்டுக்கு வெளியே இருந்தார்கள், சிங்கப்பூரில் மூன்று மணி நேரம்.

இந்த இடத்தில் அவர் டம்ளரை வைத்துவிட்டார். “வெளியில போனா போதுமாக்கா? ஹால்லயும்தான் நாலு எல்.இ.டி. லைட் போட்டிருக்கேன்.”

குற்றவாளியையே சாட்சிக் கூண்டில் ஏற்றினேன். செல்போனில் வெளிச்சம் அளக்க இலவசச் செயலிகள் இருக்கின்றன. துல்லியம் முன்னே பின்னே இருக்கும், நம் காரியத்துக்குப் போதும். அவர் போனிலேயே இறக்கி, ஹாலின் நடுவில் மேசைமேல் வைத்தோம். 200 லக்ஸ் சொச்சம் காட்டியது. நான்கு விளக்கையும் போட்டபோது 350. ஜன்னலை ஒட்டி வைத்ததும் ஆயிரத்தைத் தாண்டியது. கீழே இறங்கி, கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வேப்பமர நிழலில் நீட்டினார். நிழலிலேயே 6,000. அப்புறம் ஆர்வம் தாங்காமல் வெயிலில் நீட்டினார், எண்கள் தாவி 50,000-க்கு மேல் போய்விட்டன. நம் கண்ணுக்கு இது உறைப்பதில்லை. கண் பாப்பா சுருங்கிக்கொள்ளும், மூளை சரிக்கட்டிக்கொள்ளும். ஹாலும் வெளிச்சம், வாசலும் வெளிச்சம் என்றுதான் தோன்றும். விழித்திரைக்கோ அது இருட்டறைக்கும் பகலுக்கும் உள்ள தூரம். எத்தனை எல்.இ.டி. போட்டாலும் மர நிழலுக்கு ஈடாகாது.

நிழலே போதும் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். சித்திரை வெயிலில் பிள்ளையை உச்சிப்பொழுதில் நிறுத்தச் சொல்லவில்லை. மரத்தடி, திண்ணை, பள்ளி வராந்தா, காலை ஒன்பதுக்கு முன், மாலை நாலரைக்குப் பின், எல்லாம் கணக்கில் சேரும். தொப்பி போடலாம். சூரியனை நேராகப் பார்ப்பது மட்டும் எந்த வயதிலும் கூடாது.

பள்ளிக்கூட அளவிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். சீனாவின் குவாங்சோவில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் மட்டும் தினமும் 40 நிமிடம் வெளியில் ஒரு வகுப்பைக் கூட்டினார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், கூடுதல் வகுப்பு இல்லாத பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதம், இருந்த பள்ளிகளில் 30.4. மந்திரம் ஒன்றும் இல்லை. நூறு பிள்ளைகளில் ஒன்பது பேர் தப்பினார்கள். ஆனால் மருந்தில்லை, செலவில்லை, ஒரு பீரியட் மட்டும். தைவான் 2010-இல் நாட்டளவில் இதைப் பிடித்துக்கொண்டது. தினம் 120 நிமிடம் பிள்ளைகள் வெளியே இருக்க வேண்டும், இடைவேளையில் வகுப்பறையைக் காலி செய்ய வேண்டும் என்று பள்ளிகளை நெருக்கியது. பல வருடமாக ஏறிக்கொண்டே இருந்த பார்வைக் குறைவு 2011-இல் 50 சதவீதத்தைத் தொட்டுவிட்டு, 2015-இல் 46-க்கு இறங்கியது.

இப்போது போனுக்கு வருகிறேன். அது நிரபராதி இல்லை. நிறைய ஆய்வுகளைத் தொகுத்து 2025-இல் வந்த ஒரு கணக்கின்படி, திரை பார்க்கும் நேரம் தினம் ஒரு மணி கூடக் கூடக் கிட்டப்பார்வைக்கான வாய்ப்பும் கூடிக்கொண்டே போகிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் கெட்டதா, வெளியில் விளையாடியிருக்க வேண்டிய ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டதால் கெட்டதா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் இருக்கலாம். என் அபிப்பிராயத்தில், பெற்றோருக்கு உதவுவது இரண்டாவதுதான். போனைப் பிடுங்கிவிட்டு அதே ஹாலில் கதைப் புத்தகத்தையோ கணக்கு நோட்டையோ கையில் கொடுத்தால், பாட்டிக்குத் திருப்தி, கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி என்று கடையில் கூடுதல் காசு கேட்பார்களே, அதற்கும் கிட்டப்பார்வைக்கும் சம்பந்தமே கிடையாது. அந்தக் காசுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுக்கலாம்.

“பந்து வாங்கினா எங்கக்கா விளையாடுறது?”

நியாயமான கேள்வி. இங்கேதான் டீ கொஞ்சம் கசந்தது. கீழே இருந்த இடமெல்லாம் கார் நிறுத்த எடுத்தாயிற்று. ‘பால் விளையாடக் கூடாது’ என்று பலகை மாட்டியவர்களில் அவரும் ஒருவர், சங்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட். பரீட்சை நெருங்கினால் ஒன்றைக் கணக்கு சார் எடுத்துக்கொள்வார், இன்னொன்றை அறிவியல் மிஸ். பெற்றோர் கூட்டத்தில் போர்ஷன் முடியவில்லை என்று சண்டை பிடிப்போமே தவிர, பி.டி. பீரியட் எங்கே போனது என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பள்ளி விட்டு வந்தால் ட்யூஷன், அபாகஸ், ஹிந்தி. வெளியே வரும்போது இருட்டிவிடும். மிச்சமிருக்கிற சனி ஞாயிறில், “வெயில்ல போகாத, கறுத்துடுவ” என்பார்கள். இதைப் பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்குத்தான் அதிகம் சொல்கிறோம். நிறத்தைக் காப்பாற்றப் போய்க் கண்ணைக் கொடுத்துவிட்டு, அப்புறம் கண்ணாடி போட்ட பெண்ணை எவன் கட்டுவான் என்று அதே வாய்தான் அங்கலாய்க்கிறது.

அந்த அங்கலாய்ப்பு மாடியிலும் கேட்டிருக்கிறது. கண்ணாடியை ஸ்கூலுக்கு மட்டும் போடட்டும், எப்போதும் போட்டால் பவர் ஏறிவிடும் என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணாடி போடுவதால் பவர் ஏறாது. விழி வளர்கிற வயது, அதனால் ஏறுகிறது. கோலாலம்பூரில் வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். முழுப் பவர் போட்ட குழந்தைகளைவிட, குறைவாகப் போட்டவர்களுக்குத்தான் வேகமாக ஏறியது. எழுதிக்கொடுத்ததை எழுதிக்கொடுத்தபடி போட வேண்டும். பாட்டியிடம் பொன்னாங்கண்ணிக் கீரையைப் பற்றிச் சண்டை வேண்டாம். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், அதற்குக் கீரையும் கேரட்டும் உண்மையிலேயே நல்லது. நீண்டுவிட்ட விழியை எந்தக் கீரையும் சுருக்காது. கீரைக்கும் இடம் இருக்கட்டும், கண்ணாடிக்கும் இடம் இருக்கட்டும்.

பெண்ணின் அப்பாவிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்களா என்பது. விடவில்லை. கடையிலேயே கம்ப்யூட்டர் டெஸ்ட். தாடையை வைத்து உள்ளே பார்த்தால், நீண்ட சாலையின் முடிவில் ஒரு வண்ண பலூன் தெரியுமே, அந்த மெஷின். பெரியவர்களுக்குச் சரி. குழந்தையின் கண் தசை சுறுசுறுப்பானது. பலூன் தூரத்தில் இருப்பதாகக் காட்டினாலும் மெஷின் மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிறதல்லவா, கண் தன்னையறியாமல் கிட்டத்துக்கு முறுக்கிக்கொள்ளும். அப்போது அளந்தால் இல்லாத மைனஸ் கூட வந்துவிடும். அதனால்தான் கண் மருத்துவர்கள் முதல் தடவை மருந்து விட்டு, தசையைத் தளர்த்தி, பாப்பா விரிந்த பிறகு அளக்கிறார்கள். எரியும், பிள்ளை அழும், எந்த மருந்து என்பதைப் பொறுத்து ஒரு நாளோ சில நாட்களோ படிக்க முடியாமல் கூசும். வெள்ளி சாயங்காலமோ சனிக்கிழமையோ போனால் நல்லது. ஒன்றேகால் அதற்குப் பிறகும் ஒன்றேகாலாகவே இருக்கலாம், முக்காலாகவும் ஆகலாம்.

அதன் பிறகு என்ன? எட்டு வயதில் ஆரம்பித்தால் விழி வளர இன்னும் ஏழெட்டு வருடம் இருக்கிறது. சீக்கிரம் வந்தவர்களுக்குத்தான் கடைசியில் பெரிய பவர். மைனஸ் ஆறைத் தாண்டினால் அது வெறும் சோடாபுட்டி விஷயமில்லை. இழுபட்ட விழித்திரை நடுவயதில் பிய்ந்து வரவும், கண் நீர் அழுத்த நோய்க்கும் வாய்ப்புக் கூடும். எனவே ஏறும் வேகத்தைக் குறைக்க மருத்துவர்கள் சில வழிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு. சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் நிறைய ஆராய்ந்தது. ஹாங்காங் ஆய்வில் 0.01 சதவீதத்தைவிட 0.05 நன்றாக வேலை செய்தது. 0.01 பற்றி அமெரிக்காவிலிருந்து வந்த முடிவு அவ்வளவு உற்சாகமாக இல்லை. இன்னொன்று, ஓரங்களில் வேறு பவர் வைத்துச் செய்த விசேஷக் கண்ணாடிகள். விலை அதிகம். யாருக்கு எது என்பதைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். என்னைப் போன்ற டீ வைத்தியர்கள் சொல்லக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து, எத்தனை ஏறுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே அடுத்த முடிவு சுலபமாகும். வெயிலின் பலன் பெரும்பாலும் கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போடுவதில்தான். வந்த பிறகு அது எவ்வளவு உதவும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இந்த வீட்டில் யு.கே.ஜி. படிக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். அவனுக்காகவாவது சங்கத்துப் பலகையைக் கழற்றலாம்.

எழுந்திருக்கும்போது கடைசியாக ஒன்று கேட்டார். “ட்யூஷன் மிஸ்கிட்ட, மொட்டை மாடியில வச்சுச் சொல்லிக்கொடுங்கன்னு கேட்கலாமாக்கா? படிப்பும் ஆச்சு, வெளிச்சமும் ஆச்சு.”

தாராளமாகக் கேட்கலாம் என்றேன். ஓட வேண்டும், ஆட வேண்டும் என்று கண் கேட்பதில்லை, வெளிச்சம்தான் கேட்கிறது. தண்ணீர்த் தொட்டி நிழலில் பாய் விரித்து உட்கார்ந்தால் போதும். ஆறு மணிக்கு இருக்கிற ட்யூஷனை நாலரைக்கு மாற்றச் சொல்லுங்கள். மிஸ் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த நேரத்தில் என் வீட்டு மல்லிச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற இரண்டு பிள்ளைகளையும் அனுப்புங்கள், எனக்கும் முதுகு வலிக்கிறது.